துணிக்கடை என்று சொன்னேனே, அதைப் பற்றி

அன்புள்ள பிள்ளைக்கு,

பெயரைப் போடவில்லை. போட்டால் அரை மணி நேரத்தில் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றிவிடும். நீதான் என்று உனக்குத் தெரியும், அது போதும்.

நேற்று ஜூன் 2, பள்ளி திறந்துவிட்டார்கள். எனக்குச் சனிக்கிழமையோடு பணி முடிந்தது. ஆனாலும் ஐந்து மணிக்கே எழுந்து, எலுமிச்சைச் சோறு கிளறி, டப்பாவில் அடைத்து மூடிய பிறகுதான் நினைவு வந்தது. 31 வருடமாக இதே நாளில் பாபநாசம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். சேரன்மகாதேவி தாண்டினால் மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கும், ஜன்னல் வழியே சாரல் காற்று வரும். நேற்று டப்பாவைத் திறந்து அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போது 2004 ஜூன்தான் வந்து நின்றது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. என்னை மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். உன் அம்மா பீடித் தட்டை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பார்கள் போல, சேலையில் தூள் வாசம். "அவ கேக்கதையே போடுங்க டீச்சர்" என்றார்கள். நீ முதல் குரூப் கேட்டாய். நான் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். கணக்கில் 58.

"உனக்குக் கணக்கு வராது. காமர்ஸ் எடு."

நீ அழவில்லை. பேனா மூடியைத் திறந்தாய், மூடினாய். அப்புறம் மெதுவாகக் கேட்டாய்: "ஒரு மாசம் இருந்து பாக்கட்டுமா டீச்சர்?"

அதற்கு நான் சொன்னது: "பள்ளிக்கூடம் என்ன துணிக்கடையாட்டி, உடுத்திப் பாத்து எடுக்கதுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தார்கள். டீச்சர் ஏதோ சொன்னால் சிரிக்க வேண்டும் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மூன்றாவது குரூப் என்று விண்ணப்பத்தில் நானே எழுதினேன். உன் பேனா உன் கையிலேயே இருந்தது.

அந்த வருடம் என்ன நிலைமை என்பதையும் சொல்ல வேண்டும். இயற்பியல் ஆசிரியர் இடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் யாரையாவது போடுவோம் என்றார்கள், காலாண்டு நெருங்கும்வரை ஆள் வரவில்லை. பள்ளி திறந்த முதல் வாரமே கூட்டம் போட்டு, பாடவாரியாக எங்களை எழுப்பி நிறுத்தி, தேர்ச்சி விகிதம் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். முந்தின வருடம் முதல் குரூப்பில் இரண்டு பிள்ளைகள் தேறவில்லை. அதில் ஒருத்திக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுத மாட்டேன். அவள் வீட்டாரும் இதைப் படிக்கலாம். அவள் நினைப்பாகவேதான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தி அப்படி ஆகிவிடக் கூடாது என்று பயந்தேன்.

சரி, பயம் இருக்கட்டும். பயந்தவள் வரிசையைச் சிரிக்கவைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நீயும் ஒன்று செய்தாய். ஜனவரியில் நம் முன்னாள் மாணவிகள் கூடியபோது மேடையேறி, "ஒரு டீச்சர் என்னைப் பார்த்துக் கணக்கு வராதுன்னு சொன்னாங்க" என்றாய். பெயர் சொல்லவில்லை. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நீ மட்டும் திரும்பவில்லை. 21 வருடத்தில் ஒரு தடவை என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேனா? எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. நீ கணக்குப்பதிவியலில் 200க்கு 196 வாங்கினாய். இன்றைக்குச் சென்னையில் பெரிய பெரிய கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறாய். பின்னத்தில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளையைக் காலையில் ஏழரைக்கே வரவைத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? மேடையில் அது உன் வாயில் வரவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். மேலே எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஏனென்றால் அந்த 58. ஒன்பதிலும் பத்திலும் உனக்குக் கணக்கு எடுத்தது நான்தான். அன்று மேசையில் அந்த எண்ணைப் பார்த்தபோது அதில் பாதி என்னுடையது என்று எனக்குத் தோன்றவேயில்லை. முழுவதையும் உன் தலையில் கட்டினேன். "உனக்கு வராது" என்று சொன்னேன், "என்னால் வரவைக்க முடியவில்லை" என்று சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பில் உன் மாதத் தேர்வு மதிப்பெண்களைக் குறித்து வைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. 41, 47, 55 என்று ஏறிக்கொண்டே போனதாக ஞாபகம். இன்னும் ஒரு வருடம் கிடைத்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பாயோ. எடுத்துப் பார்க்கலாம் என்றால் நோட்டு இல்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த எல்லாமே கூழாகிவிட்டது. என் பக்கம் நியாயம் இருந்தது என்று காட்டவும் கையில் ஒன்றுமில்லை, இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

காமர்ஸ் எடுக்கச் சொன்னது தப்பு என்று முழு மனதோடு சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை. இயற்பியலுக்கு ஆளில்லாத வகுப்பில் உன்னை உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் அந்தத் துணிக்கடை வார்த்தை தப்பு. ஒரு மாதம் கேட்டாய். கொடுத்திருக்கலாம். ஜூன் மாதத்தில் குரூப் மாற்றிக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். எனக்கு ஒரு கையெழுத்துதான் வேலை. மன்னித்துக்கொள்.

உன் அம்மாவிடமும் சொல்லு. அன்றைக்குச் சிரித்ததற்காக அவர்கள் அப்புறம் வருத்தப்பட்டிருந்தால், அந்த வருத்தமும் நான் கொடுத்ததுதான்.

ஆனித் தேருக்கு நீ ஊருக்கு வருவாய் என்று கேள்விப்பட்டேன். வர மனசிருந்தால் வீட்டுக்கு வா, காலையிலேயே வா. இப்போதெல்லாம் காலையில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

உன்
கணக்கு டீச்சர்