காந்தாரிக் குழம்பும் ஒரு குவளை மோரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலில் உள்ள ஒரு சிறிய உணவகத்தில் சென்ற மாதம் காந்தாரி மிளகாய் போட்ட கோழிக் குழம்பு சாப்பிட்டேன். அங்கே விலைப்பட்டியல் கிடையாது. அன்றைய சமையலைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். உத்தரத்தில் ஒரு பழைய வெண்கல மணி தொங்குகிறது. இடையில் எதையும் குடிக்காமல் ஒரு கிண்ணம் குழம்பைக் காலி செய்பவர் அந்த மணியை அடிக்கலாம், அவருக்குச் சாப்பாடும் இலவசம்.

குழம்பு அருமையானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வறுத்த மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காயும் மணந்த பிறகுதான் காந்தாரியின் காரம் காது மடல் வரை ஏறியது. பண்ணைக்காட்டில் எங்கள் காபிச் செடிகளுக்கு இடையே காந்தாரியை யாரும் விதைப்பதில்லை. பறவைகளுக்குக் காரம் உறைக்காது என்பதால், கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று எச்சமிடும் இடமெல்லாம் அது தானாக முளைத்துவிடும். வானம் பார்த்து நிற்கும் அந்தச் சிறு காய்களில் நாலைந்தைப் பறித்து, உப்பும் வெங்காயமும் வைத்து நசுக்கி, மரவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வாய் கிழங்குக்கு ஒரு துளிதான் தொடுவோம்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் அந்தக் கிண்ணத்தை முடிக்க முயன்றான். சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். பாதிக் கிண்ணத்திலேயே அவனுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின, உதடு தடித்தது, பிறகு வாந்தி எடுத்தான். பரிமாறியவர் ஐஸ் தண்ணீரைத்தான் ஓடி வந்து கொடுத்தார். மோர் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்.

மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் எண்ணெயில் கரையுமே தவிர, தண்ணீரில் அநேகமாகக் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதமும் கொழுப்பும்தான் அதை நாக்கிலிருந்து பிரித்தெடுக்கும். சூட்டை உணரும் நரம்பு ஏற்பியையே கேப்சைசின் தூண்டுகிறது என்பதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாயில் தீப்புண் எதுவும் இல்லாதபோதும் சுட்டது போலவே எரிவதற்குக் காரணம் இதுதான். அந்த எரிச்சலோடு ஒரு குழந்தை தவிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு, அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

உணவகத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மணியும் கரும்பலகையும் இருக்கட்டும், குழம்பின் காரத்தையும் குறைக்க வேண்டாம். ஆனால் இலவசச் சாப்பாட்டைக் காட்டிப் பந்தயம் வைப்பதை நிறுத்துங்கள். சிறுவர்களுக்கு அந்தக் கிண்ணத்தைப் பரிமாறாதீர்கள். என்ன மிளகாய், எத்தனை காரம் என்பதைப் பலகையிலேயே எழுதுங்கள். குழம்போடு ஒரு குவளை கெட்டி மோரையும், கேட்காமலே, மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம்.