மூன்று ஜெராக்ஸா, நான்கா?

சங்கரன்கோவில்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்திலும் இன்லேண்ட் லெட்டர் தேடி வாங்கி, மடிப்பு வரைக்கும் எழுதி, பசை ஒட்டும் இடத்திலும் இரண்டு வரியை நுழைத்திருக்கிறாய். கிழித்துத் திறந்ததில் உன் மருமகளுக்கு வேலை கிடைத்த கம்பெனியின் பெயர் பாதி போய்விட்டது. பரவாயில்லை, வேலை கிடைத்துவிட்டது என்ற பாதி தப்பித்துவிட்டது.

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்குப் படிக்கிறாள். என் முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. நம் ஹாஸ்டல் அந்தோணி ஓய்வு பெற்று ஊரோடு வந்து, ஆடு வளர்க்கிறேன் என்று இறங்கியிருக்கிறான். அவன் ஆடுகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, உன் குறைக்கு வருகிறேன். பெங்களூருக்குப் போன பிறகு ஒரு கதையும் வரவில்லை, எந்த வீட்டுக் கதவும் திறந்திருப்பதில்லை, தினமும் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு ஏரியைச் சுற்றி வந்தும் ஒன்றும் சிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தேகம் அந்த நோட்டுப் புத்தகத்தின் மேல்தான். பார்ப்பதற்கென்றே கிளம்புகிறவனுக்குக் கொக்கும் நாயும் நடைப்பயிற்சிக்கு வந்த கிழவரும் ஒரே தூரத்தில்தான் தெரிவார்கள். உனக்கு அவர்களிடம் ஒரு காரியமும் இல்லை, அவர்களுக்கு உன்னிடமும் இல்லை. அந்த இடத்தில் வர்ணனை எழுதலாம். நீ நன்றாகவே எழுதுவாய். கதைக்கு யாராவது யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும், மற்றவர் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும்.

என் கடையை எடுத்துக்கொள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை என்றால் உலகத்திலேயே சலிப்பான தொழில் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம். நாள் முழுக்க அதே வெளிச்சம் அதே கண்ணாடிக்கடியில் ஓடுகிறது. ஆனால் இங்கே நிற்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை நிரூபிக்க வந்தவர்கள். தகப்பனுக்கு மகன்தான் என்று, நிலம் தன்னுடையதுதான் என்று, இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று.

போன மாசியில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள் வந்தார்கள். தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. எத்தனை போட வேண்டும் என்று கேட்டேன். "மூன்று" என்றாள் மூத்தவள். "நான்கு" என்றாள் இளையவள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூத்தவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூத்தவள், "ஆளுக்கு ஒன்று, மூன்று போதும்" என்றாள். நான் மூன்று போட்டேன். ஆறு ரூபாய் கொடுத்தாள், பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். இளையவள் நகரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். நான் ஒன்றும் பேசாமல் நான்காவதைப் போட்டுக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து, ஃபைலில் சேர்க்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டு அக்காளின் பின்னால் ஓடினாள்.

யார் அந்த நான்காவது ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், கடைக்காரனிடம் ஜனங்கள் எதையும் சொல்வார்கள். வீட்டை விட்டுப் போன அண்ணனா, தகப்பனாருக்கு வேறு ஊரில் இன்னொரு குடும்பமா, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தங்கையா என்று அன்று இரவெல்லாம் என் தலைக்குள் ஆட்கள் வந்து போனார்கள். பதில் தெரிந்திருந்தால் அந்த ஒரே ஒரு ஆள்தான் வந்திருப்பான்.

அதை அப்படியே எழுதவும் இல்லை. இது சின்ன ஊர், இறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறது, எழுதினால் நாளைக்கே கடை வாசலில் பஞ்சாயத்து. அதனால் கதையில் கடையும் இல்லை, மிஷினும் இல்லை. பதினாறாம் நாள் விசேஷம். வெளியாட்களின் பந்தி முடிந்த பிறகு, வீட்டு ஆட்களுக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார். மூத்தவள் ஒரு எண்ணிக்கை சொல்கிறாள், இளையவள் ஒன்று கூட்டிச் சொல்கிறாள். இது சுலபமாக வந்துவிட்டது. அந்த இரண்டு ரூபாய் நாணயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அக்காள் கணக்கில் சேராமல், தன் சொந்தக் காசில், தன் கையால் ஒன்று செய்தாளே, அதற்குப் பந்தியில் என்ன ஈடு? அக்காளோடு வாதாடுவது, அழுவது, சாப்பிடாமல் எழுந்து போவது என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தேன், எல்லாம் சீரியல் மாதிரி இருந்தது. கடைசியில் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தானே ஒரு இலையை அறுத்துக்கொண்டு வருகிறாள் என்று எழுதினேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வரி வந்த பிறகுதான் கதை நின்றது. ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பதில் போடுவதற்குள் அடுத்த மாசி வந்துவிடும்.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய அந்தக் கதையை ஹாஸ்டலில் நீ உரக்க வாசித்துக் காட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? கடவுள் சென்னைக்கு வருகிற கதை. அது எங்கே தொடங்குகிறது என்று யோசித்துப் பார். கந்தசாமிப் பிள்ளை பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அதில் வெற்றிலை பாக்கு வாங்கலாமா, பஸ்ஸில் போனால் காப்பிக்குத் தேறுமா என்று கணக்குப் போடுகிறார். அந்தக் காலணாக் கணக்கு முடிந்த பிறகுதான் கடவுளுக்கே உள்ளே வர இடம் கிடைக்கிறது. அன்றைக்கு நாம் சிரித்ததோடு சரி. இப்போது கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அந்த ஆரம்பத்தின் சாமர்த்தியம் புரிகிறது.

ஆ. மாதவனையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். சுமை தூக்குகிறவர்கள், சில்லறைத் திருடர்கள், வேசிகள், கடைப் பையன்கள் என்று அந்தத் தெருவை விட்டு நகராமலேயே எழுதித் தீர்த்தார். அவருக்கு 2015இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தபோது, கதைகளை விட்டுவிட்டு ஒரு கட்டுரைத் தொகுப்புக்குக் கொடுத்தார்கள். அது நம் நாட்டு வேடிக்கை. எனக்கு அவரிடம் பிடித்தது, அந்த மனிதர்களை அவர் ஒருபோதும் மேலே நின்று பார்க்கவில்லை என்பது. பார்க்க முடியாது. காலையில் கடை திறந்தால் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இப்போது என் தொழிலும் மாறிக்கொண்டு வருகிறது. பாதிப் பேர் காகிதத்தோடு வருவதில்லை. "அண்ணா, வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன், பிரிண்ட் எடுங்கள்" என்கிறார்கள். கடை போனில் பெயர் இல்லாத எண்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடிஎஃப், ஒரு முகப்புப் படம். அதில் ஒரு எண்ணிலிருந்து வருடா வருடம் ஒரு பயோடேட்டா வருகிறது. ஒரே ஆள்தான். அனுபவம் என்ற பகுதியில் கம்பெனிகள் கூடிக்கொண்டே போகின்றன, புகைப்படம் மட்டும் கல்லூரி முடித்தபோது எடுத்த அதே படம். ஒரு வருடம் 'திருமணமாகாதவர்' என்பது 'திருமணமானவர்' என்று மாறியது. போன வருடம் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

இதை உனக்குச் சொல்கிறேனே தவிர, எழுதப்போவதில்லை. உனக்கு இது முரணாகத் தோன்றலாம். அக்காள் தங்கை விஷயம் என் கண் முன்னால், நாலு பேர் நிற்கிற இடத்தில் நடந்தது. இது என்னை நம்பி அனுப்பிய காகிதம். கல்லாவுக்கு முன்னால் நடப்பது எனக்கும் கொஞ்சம் சொந்தம், கைக்குக் கொடுத்ததை அச்சடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கே கோடு போடுவது என்று ஒவ்வொரு எழுத்தாளனும் ஒவ்வொன்று சொல்வான். என்னுடையது இங்கே இருக்கிறது.

உன் கடிதத்திலேயே ஒரு கதை கிடக்கிறதே, அதைப் பார்க்கவில்லையா? உங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்குப் பணம் பிரிப்பதில் தகராறு, மூன்றாவது மாடிக்காரர் 'நாங்கள் இரண்டு பேர்தான், ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குச் சமமாக ஏன் கொடுக்க வேண்டும்' என்று கேட்கிறார் என்று எழுதிவிட்டு, 'இந்தக் கூத்து வேறு' என்று தாண்டிப் போய்விட்டாய். 2024 கோடையில் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு அரசாங்கமே விலை நிர்ணயித்ததைப் பேப்பரில் படித்தேன். அசோகமித்திரன் 1970களின் தொடக்கத்தில், சென்னையில் ஒரு தெருவின் தண்ணீர்க் கஷ்டத்தை வைத்து ஒரு நாவலே எழுதிவிட்டார். குடமும் பம்பும் அலைச்சலுமாக ஜமுனாவின் வாழ்க்கை முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் குடத்துக்குப் பதில் மீட்டரும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவும். அந்த மூன்றாவது மாடிக்காரர் வீட்டில் உண்மையிலேயே இரண்டு பேர்தானா? அதை எண்ணுகிற வேலை யாருடையது? காவலாளியின் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு யார் யார் வந்து தங்கினார்கள் என்று இருக்குமே, அதை யாராவது எடுத்துக் காட்டுவார்களா?

அசோசியேஷனில் பொருளாளராக ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? நீ போய் ஒப்புக்கொள். பாங்கில் வேலை பார்த்தவன், கணக்கு உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்டுப் பார், அப்புறம் எந்தக் கதவு எவ்வளவு திறக்கிறது என்று எனக்கு எழுது. நோட்டுப் புத்தகத்தில் ரசீது எண்ணை மட்டும் குறித்துக்கொள்.

இங்கே கோவிலில் நடக்கிற ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்த முறை கட்டாயம் வர வேண்டும். மதுரை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ராஜபாளையம் வழியாக பஸ் பிடித்துக்கொள். கூட்டத்தில் தங்கும் விடுதி கிடைக்காது, நேராக வீட்டுக்கு வந்துவிடு. சகோதரியையும் அழைத்து வா. மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம், உன் குறட்டைக்காக அந்தோணியைக் கீழே படுக்க வைத்துவிடலாம். பெட்ரூமில் தொங்கவிட நல்ல கொசுவலை ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்