ரெண்டு இருந்தா போதுமா?

டேய் முத்து,

எப்படி இருக்க? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சதும் நிம்மதியாச்சு. பாப்பா ஏரோஸ்பேஸ் சேந்துட்டான்னு எழுதியிருந்தியே, ரொம்ப சந்தோஷம்டா. ஆனா ஒரு மெஷின் கெடாம எவ்ளோ நம்பகமா ஓடும்னு பாக்குற ரிலையபிலிட்டி பேப்பர் மட்டும் வெறும் பெருக்கல் கணக்குன்னு சொல்றாளாமே, அவகிட்ட ஐரோப்பாக்காரங்களோட ஏரியன் 5 ராக்கெட் கதைய சொல்லு.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவுல கூரூ தளத்துலேர்ந்து அந்த ராக்கெட் மொத தடவையா கிளம்புச்சு, சுமார் 40 செகண்டுல வெடிச்சு சிதறிடுச்சு. உள்ள க்ளஸ்டர்னு நாலு சாட்டிலைட், எத்தனை பேரோட எத்தனை வருஷ உழைப்பு!

இத்தனைக்கும் பேக்கப் இருந்துச்சுடா. ராக்கெட்டோட சாய்வையும் வேகத்தையும் அளந்து சொல்ற யூனிட் ரெண்டு வெச்சிருந்தாங்க, ஆனா ரெண்டுலயும் ஒரே ஹார்டுவேர், ஒரே சாஃப்ட்வேர். இதுக்கு முந்தின ராக்கெட்டான ஏரியன் 4ல நல்லா ஓடுன சாஃப்ட்வேர்தான் அது, அதுல ஒரு 64 பிட் நம்பர 16 பிட்டுக்குள்ள, அதாவது ரொம்ப சின்ன எடத்துக்குள்ள, மாத்துற எடம் ஒண்ணு, ஏரியன் 5 போற பாதையில பக்கவாட்டு வேகம் ரொம்ப ஜாஸ்தி, நம்பர் உள்ள அடங்கல. மொதல்ல பேக்கப் நின்னுச்சு, கண் இமைக்கிறதுக்குள்ள மெயின் யூனிட்டும் அதே காரணத்துக்கு நின்னுடுச்சு. அது கடைசியா அனுப்புன எரர் தகவல ராக்கெட்ட ஓட்டுற மெயின் கம்ப்யூட்டர் நெஜமான அளவுன்னு நம்பி, நெருப்பு கக்குற நாஸில முழுசா திருப்பிடுச்சு, ராக்கெட் பாதை மாறிடுச்சு, அவ்ளோதான். கொடுமை என்னன்னா அந்தக் கணக்கு போட்ட ப்ரோக்ராம் ராக்கெட் கிளம்புனதுக்கப்புறம் ஏரியன் 5க்குத் தேவையே இல்ல.

ஆயிரத்துல ஒரு தடவ கெட்டுப்போற யூனிட் ரெண்டு வெச்சா பத்து லட்சத்துல ஒரு தடவதான் ரெண்டும் சேந்து போகும்னு பாப்பா போடுற பெருக்கல் இருக்கே, அது ஒண்ணு கெட்டதுக்கும் இன்னொண்ணு கெட்டதுக்கும் சம்பந்தமே இல்லன்னாதான் செல்லும். இங்க ஒரே தப்பான விடைய மனப்பாடம் பண்ணிட்டு வந்த ரெண்டு பசங்கள பரீட்சைக்கு உக்கார வெச்ச மாதிரி ஆகிப்போச்சு. கோளாறுன்னாலே ஏதோ பார்ட்டு தற்செயலா கெடுறதுதான்னு நெனச்சு, எரர் வந்தா யூனிட்ட நிறுத்திட்டு பேக்கப்புக்கு மாறணும்னு டிசைன் பண்ணிட்டாங்க. டிசைனே தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு யாரும் யோசிக்கல. ஏரியன் 5 போற பாதைய அந்த யூனிட்டுக்குக் குடுத்து தரையிலேயே ஒரு டெஸ்ட் ஓட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்டா, இத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

க்ளஸ்டர் சாட்டிலைட்டுகள திரும்ப செஞ்சு 2000ல கஜகஸ்தான்ல இருக்குற பைக்கனூர் தளத்துலேர்ந்து ரஷ்யாவோட சோயூஸ் ராக்கெட்ல அனுப்பிட்டாங்க. விசாரணை அறிக்கை நெட்லயே கெடைக்குது, பாப்பாவப் படிச்சுட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லு. பொங்கலுக்கு ஊருக்கு வரேன், நீயும் வந்துடு.

அன்புடன்,
ரவி