ஹோய் ஆனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே வியட்நாமில் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே? ரவி வந்து சேர்ந்துவிட்டான். அவன் கையில் கொடுத்துவிட்ட உன் கடிதம், அம்மா இடித்த பருப்புப்பொடி, புளி எல்லாம் பத்திரமாக வந்தது. போனை எடுத்தாலே அம்மா அழுகிறாள், விவரமாக எழுது, படித்துக் காட்டுகிறேன் என்றாய். சரி, எழுதுகிறேன்.

முதலில், தீபாவளி லீவுக்கு வருவதாகச் சொன்னதை மாற்றிவிடுங்கள். அத்தான் டிக்கெட் போடுவதற்குள் இதைச் சொல்லிவிடு. ஐப்பசி, கார்த்திகை இங்கே வெள்ள மாதங்கள். து போன் ஆறு ஊரை ஒட்டியே ஓடுவதால் மலையில் கனமழை பெய்தால் ஆற்றங்கரைத் தெருவெல்லாம் தண்ணீர் ஏறி, கடை வாசலில் படகு நிற்கும். தான் கீ என்று ஒரு பழைய வியாபாரி வீடு இருக்கிறது, அங்கே சுவரில் எந்த வருஷ வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1964-ஆம் வருஷக் கோட்டை நான் அண்ணாந்துதான் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வாருங்கள். வெயில் இருக்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும், சாம் தீவுக்குப் படகு போகும்.

வரும் நாளைப் பௌர்ணமிக்கு முந்தின நாளை ஒட்டிப் பார்த்துக்கொள். சதுர்த்தசி ராத்திரி பழைய ஊரில் மின் விளக்குகளை அணைத்துவிட்டு, பட்டுத்துணி விளக்குகளை மட்டும் எரியவிடுவார்கள். ஆற்றில் காகித விளக்கு மிதக்கும். கூட்டம் நெரியும், பிள்ளைகள் கையை விட்டுவிடாதே. எனக்குப் பிடித்தது காலை 6 மணி ஊர்தான். மஞ்சள் சுவர், மரக்கதவு, வாசல் கூட்டுகிறவர்கள், வண்டிச் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் ஜப்பான்காரர் பாலத்தைப் பாருங்கள். கூரை போட்ட சின்னப் பாலம், ஒரு பக்கம் நாய்ச் சிலை, மறுபக்கம் குரங்குச் சிலை. இவர்களுடைய 20,000 டாங் நோட்டில் இருப்பது அதுதான். பழுது பார்த்து 2024-இல் திறந்தார்கள். பக்கத்தில் ஃபூஜியன் சீனர்களின் மண்டபத்தில் கடல் அம்மன் இருக்கிறாள், கப்பல்காரர்களைக் காப்பவள். மேலே சுருள் சுருளாக ஊதுபத்தி தொங்கும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். இங்கேயும் அமாவாசை, பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடுகிறார்கள், அன்றைக்குச் சைவக் கடை எல்லாம் நிரம்பியிருக்கும். மற்ற நாளில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், மீன் சாறு எதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அத்தானுக்குக் கோழிச் சோறு பிடிக்கும், கோழி வெந்த தண்ணீரிலேயே மஞ்சள் போட்டு வடிக்கிற சோறு. காவ் லாவ் என்று ஒரு தடித்த நூடுல்ஸ் இந்த ஊருக்கே உரியது. அரிசியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைப்பார்கள், பா லே கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால்தான் சரியாக வரும் என்பார்கள். கடித்தால் கொஞ்சம் முரடாக இருக்கும். மேலே பன்றிக்கறி, கீரை, பொரித்த துண்டுகள். சமையல்காரனாகச் சொல்கிறேன், அந்தச் சாம்பல் பக்குவம் லேசில் வராது.

அப்புறம் தையல். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தையற்கடை. அளவு ரவிக்கை ஒன்று கொண்டு வா. முதல் நாளே கொடுத்துவிடு, மறுநாள் போட்டுப் பார்த்துத் திருத்தச் சொல், ஒரே நாளில் வாங்கிக்கொண்டு ஓடாதே. பிள்ளைகளுக்கு, ‘காம் தான்’ என்ற பக்கத்து ஊரில் மூங்கில் கூடைப் படகு இருக்கிறது. நீர்த்தென்னைக்குள் புகுந்து போகும், படகுக்காரர் சுழற்றுவார். உனக்குத் தலை சுற்றும், நீ கரையில் இரு.

அப்பாவை எப்படியாவது கூட்டி வா. மி சன் என்ற பழைய கோயில் இடம் அவருக்காகவே இருக்கிறது. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட சாம்பா மன்னன் பத்ரவர்மன் நாலாம் நூற்றாண்டில் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குக் கோயில் எடுத்த இடம், பிறகு வந்தவர்கள் செங்கல்லில் கட்டிக்கொண்டே போனார்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டு விழுந்து பெரிய கோயில் போய்விட்டது. நம் தொல்லியல் துறை ஆட்கள் வந்து சீரமைத்தபோது 2020-இல் ஒரே கல்லில் செய்த சிவலிங்கம் கிடைத்தது. நான் போன அன்று ஆள் இல்லை. திருநீறு இல்லாமல் நின்றது சங்கடமாக இருந்தது. அப்பா நின்று தேவாரம் பாடினால் நன்றாக இருக்கும்.

என் எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்படியேதான் இருக்கிறாள். மழைக்காலத்தில் மேல்மாடிப் பலகையைத் திறந்து, கயிறு கட்டி அரிசி மூட்டையைத் தூக்குகிறாள், உதவிக்குப் போனால் விரட்டுகிறாள். தை மாதத் தூறலில் இங்கே துணி காயவே காயாது. நான் வேலைக்குப் போன பிறகு என் சட்டைகளை எடுத்து, அடுப்புப் பக்கம் உலர்த்தி, மடித்துக் கதவுப் பிடியில் தொங்கவிடுவாள். அவள் மகன் சைகோனில் இருக்கிறானாம். இவர்கள் புத்தாண்டுக்கு ஊரே சொந்த வீட்டுக்குப் போய்விட்டது, எனக்கு நல்ல ஓய்வு, நன்றாகத் தூங்கினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊருக்கு வெளியே வயல் நடுவில் ஒரு ஜப்பான் வியாபாரியின் கல்லறை இருக்கிறது, தானி யாஜிரோபே, 1647. வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்று ஜப்பான் அரசாங்கம் தடை போட்ட காலம், அப்போதும் இங்கிருந்த ஒருத்திக்காகத் திரும்பி வந்தவராம். கல்லறையை அவர் ஊர்ப்பக்கம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் வாடைக்காற்றில் வந்த கப்பல் தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்புமாம். நெல் வாசனை அடித்தது அக்கா. நம் கண்மாய்க்கரை வயலில் அப்பா மடை திறந்துவிட்டு நிற்பாரே, அந்த நேரத்து வாசனை. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு இதைப் படிக்காதே.

பணம் குறைவாக வந்ததைக் கேட்டிருந்தாய். மழை மாதத்தில் கடைக்கு ஆள் வரத்து இல்லை, அதனால் தள்ளித் தருகிறார்கள், வந்துவிடும். ரவியிடம் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அம்மாவின் சங்கிலியை இப்போது திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துவிடு, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவின் கண் ஆபரேஷனை ஆடிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அத்தானையே கூடப் போகச் சொல். சித்தப்பா வேலி விஷயமாக மறுபடி வந்தால் சர்வேயர் அளந்த பிறகு பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள், யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கிழக்குப் பக்கக் கல் அப்பத்தா காலத்தில் நட்டது, வேலுச்சாமி அண்ணனுக்குத் தெரியும். அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
செந்தில்