புல்லிக்கு முதலில் கவர் போடு

ஸ்ரீராமபுரம், பெங்களூரு
ஞாயிறு

அன்பு மகள் நித்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி தேர்வு எழுதி முடித்துவிட்டான். மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்று. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நீ சொல்லிக்கொடுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் போட்டி ரோபோவுக்கு சி.வி.டி. செய்கிறாயே, கியர் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெல்ட் பெட்டி, அதற்கு நீ கடைசியாக அனுப்பிய வரைபடத்தைத் தம்பியிடம் சொல்லிப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்தேன். மெட்ரோவில் பீன்யா இண்டஸ்ட்ரி வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். நன்றாக வந்திருக்கிறது. இரண்டு புல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு நிலையாக நிற்க மற்றது நெருங்கி விலகுகிறது, பெல்ட் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. நம் கைனடிக் ஹோண்டாவில் ரோலர் செய்த வேலையை உன் பெட்டியில் சின்ன மோட்டாரும் ஸ்க்ரூவும் செய்கின்றன. 1984இல் அந்த வண்டி வந்தபோது கியரே போடாமல் எப்படி ஓடுகிறது என்று ஊரே வேடிக்கை பார்த்தது. அதை நீயும் நானும் வாசலில் பிரித்துப் போட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும். முதலாளியிடமும் வரைபடத்தைக் காட்டினேன். “உங்கள் பெண்ணா போட்டது?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் அதில் கவர் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார். ஓட்டும் புல்லியில் பெல்ட் 40 மில்லிமீட்டரிலிருந்து 80 வரை ஏறுகிறது, எதிர்ப் புல்லியில் 80இலிருந்து 40க்கு இறங்குகிறது. அதாவது இரண்டுக்கு ஒன்றில் தொடங்கி ஒன்றுக்கு இரண்டு வரை, மொத்தத்தில் நான்கு மடங்கு வீச்சு. அழகான கணக்கு. ரோபோவை ஓட்டும் அந்தச் சிம் (CIM) மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,300 சுற்று சுற்றும். 80 மில்லிமீட்டர் விட்டத்தில் பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர். மேஜைமேல் தூக்கிவைத்துச் சோதிக்கும்போது சுமை எங்கே இருக்கிறது? மோட்டார் அந்த வேகத்தில்தான் சுற்றும், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், நீ பக்கத்தில் குனிந்து பார்ப்பாய். பெல்ட் புல்லிக்குள் நுழைகிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே ஒரு நூல் போனாலும் அதன் பின்னால் கை போகும்.

சித்தப்பா கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம்கூட வந்திருந்தார். டீ டம்ளரைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக் குடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வேக கியர்பாக்ஸே போதும் என்று நான் முன்பு சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். இப்போதும் காரணத்தோடுதான் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜினுக்கு நின்ற நிலையில் இழுவை கிடையாது, அதனால் ஸ்கூட்டருக்கு இந்த ஏற்பாடு வேண்டும். மின்மோட்டார் நின்ற நிலையில்தான் அதிக முறுக்குவிசை தரும். சுமையில்லாத வேகத்தில் பாதியில் ஓடும்போது முழுச் சக்தியும் கிடைக்கும், சி.வி.டி. இருந்தால் மோட்டாரை அந்த வேகத்திலேயே ஓடவைக்கலாம் என்று நீ சொல்வது சரி. ஆனால் நன்றாக வெட்டிய ஒரு ஜோடி கியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் வீணாகும், ரப்பர் பெல்ட்டில் அதைவிட அதிகம். கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியைப் பெல்ட்டே தின்றுவிடும். இவ்வளவும் தெரிந்துதான், “பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது அப்பா” என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய்.

செய்வதானால் சி.வி.டி.யை மோட்டார் பக்கமே வை. அங்கே வேகம் அதிகம், முறுக்கு குறைவு, பெல்ட் வழுக்காது. வேகத்தைக் குறைக்கும் கியரெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். இன்னொன்று, பெல்ட் ஓடினால்தான் பள்ளத்தில் இடம் மாறும், நின்றுவிட்டால் மாறாது. ஆட்டத்தில் உங்கள் ரோபோ முழு வேகத்தில் போகும்போது எதிரணி ரோபோ குறுக்கே வந்து முட்டினால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பெல்ட் வேக நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். மோட்டார் முறுக்கும், கரண்ட் ஏறும், 12 வோல்ட் பேட்டரி படுத்துவிடும், பெல்ட் வழுக்கிப் பக்கமெல்லாம் பளபளவென்று கருகும். வேகம் குறையத் தொடங்கியதுமே ஸ்க்ரூ பெல்ட்டை இழுவை நிலைக்குக் கொண்டுவருகிற மாதிரி புரோகிராம் எழுதச் சொல்.

கருகின வாடை வந்தால் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் கை போகும். அதனால்தான் கவர் என்கிறேன். 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு போதும். உள்ளே நடப்பது தெரியும், கை போகாது. அக்ரிலிக் வேண்டாம், அடி பட்டால் சிதறும். சூடு வெளியேறத் துளை போடு, எந்தத் துளையும் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

எங்கள் பட்டறையில் கியர் பல் வெட்டும் ஹாப்பை மாற்றும்போது ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மெஷினில் கை வைப்போம். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். போதாது. யாராவது வந்து போட்டுவிடுவார்கள். உங்கள் ரோபோவில் அது இன்னும் மோசம். ஓட்டுகிறவன் லேப்டாப்போடு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான், கை வைக்கிறவள் இங்கே குனிந்திருக்கிறாள். அவனுக்கு இவள் கை தெரியாது. 120 ஆம்பியர் பிரேக்கரைத் தட்டிவிடு, பேட்டரி கனெக்டரையும் பிடுங்கு. பிடுங்கியது உன் கண் முன்னால் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். கண்ணுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது, சந்தோஷம். விரலுக்கு?

ஜனவரியில் போட்டி அறிவித்ததிலிருந்து உனக்கு நேரமில்லை என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து புல்லியைக் கையில் பிடித்துத் திருப்பிக் காட்டுவாய். இப்போது குரல் மட்டும் வருகிறது, நெட் சரியில்லை என்கிறாய். இரண்டு வரி எழுதக் கேட்டால் பேசி அனுப்புகிறாய். வரைபடத்தில் அளவெல்லாம் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். உன் 7க்கு நடுவில் கோடு இருக்கும், இதில் இல்லை. நீங்கள் எல்லோரும் ரோபோவைச் சுற்றி நிற்கும் படத்தைத் தம்பி காட்டினான். பிள்ளைகள் எல்லாம் இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறார்கள். நீ ஒரு கையைத்தான் தூக்கியிருக்கிறாய், அதுவும் இடது கை. தம்பி அதைக் கவனிக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

படிக்கப் போன இடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரம் செலவழிக்கிறாயே என்று பெரியம்மா கேட்டார்கள். என் மகளுக்கு ஸ்பேனர் பிடிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே பிடித்தாள், இப்போது நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

முழுக்கை ஸ்வெட்டரோடு மெஷின் பக்கம் போகாதே. அங்கே பனி என்று தெரியும், இருந்தாலும் கையை முழங்கைவரை மடித்துவிடு. தலைமுடியைக் கட்டு. மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவை. இரவு தூக்கக் கலக்கத்தில் எதையும் சோதிக்க வேண்டாம். எங்கேயாவது வெட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டு, ஊசி போட்டுக்கொள். செலவைப் பார்க்காதே. லோன் தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த மாதம் ஓவர்டைம் இருக்கிறது.

கவர் மாட்டியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதை நீயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விரல்கள் முன்பக்கம் தெரிய வேண்டும். அம்மா போனுக்கு அனுப்பாதே, என் எண்ணுக்கு மட்டும் அனுப்பு.

அப்பா