படத்தில் இருப்பவன் ரங்கூன்காரன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் பழைய படங்கள் சில வந்திருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். மூன்றாவது படத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர். நெற்றியில் திருநீறு, கன்னத்தில் மஞ்சள், பச்சை, சிவப்பில் கொடி, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. கீழே, "2015, சிங்கப்பூர்: மியன்மார் அணியை ஊக்குவிக்கும் இந்திய ரசிகர்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆள் நான்தான் ஐயா. பிறந்தது, வளர்ந்தது, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் ரங்கூனில். பயின்னாவுங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் தரகு பார்க்கிறேன். இந்தியாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் கோயில் யாத்திரை. படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு ஒரு வரியில் அடங்கவில்லை.

1970 டிசம்பரில் பேங்காக்கில் ஆசிய விளையாட்டு நடந்தது. அரையிறுதியில் பர்மாவும் இந்தியாவும் மோதின. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருமுனை டீக்கடை ரேடியோவைச் சுற்றி இருபது முப்பது பேர். தமிழர் என்று பார்த்தால் அப்பாவும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது நூறு நோட்டுகளும் செல்லாமல் போனபோது பெரியப்பாவும் சித்தப்பாவும் குடும்பத்தோடு மதராஸ் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்பா மட்டும் நகரவில்லை. ஆகவே அன்றைக்குக் கடையில் இருந்தவர்களின் ஒரு கண் ரேடியோ மேல், இன்னொரு கண் அப்பா மேல். பர்மா முதல் கோல் போட்டதும் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து கத்தினார். இரண்டாவது கோலுக்குக் கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். ஆட்டம் 2-0. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவோடு கோல் எதுவும் விழாமல் முடிந்து தங்கத்தைப் பகிர்ந்துகொண்டோம். அன்று இரவு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நம்ம பர்மா டீம்ல ஆடுற சுக் பகதூர் பேரைப் பாரு. கூர்க்கா வீட்டுப் பிள்ளை. அவன் கால் யாருக்காக ஓடுச்சு? நாம குடிக்கிறது எந்த ஊர் தண்ணி?"

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தக் காலத்தில் பர்மா என்றால் ஆசியாவே பயப்படும். 1966லும் 1970லும் ஆசியத் தங்கம். 1968ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1972ல் மியூனிக் ஒலிம்பிக்கில் மெக்சிகோவிடமும் சோவியத் யூனியனிடமும் ஒரே ஒரு கோலில் தோற்று, சூடானை 2-0 என்று வென்றார்கள். தென்கிழக்காசியப் போட்டிகளில் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து தங்கம், முதல் தடவை மட்டும் தாய்லாந்தோடு பாதி. ஐந்தாவது தங்கம் வாங்கிய இடம் சிங்கப்பூர். அதற்குப் பிறகு இந்தப் போட்டியில் கால்பந்துத் தங்கம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

42 வருஷம் கழித்து அதே சிங்கப்பூரில் போட்டி என்றதும் எதிர்வீட்டுப் பர்மியக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவரை நான் ஆக்கோ, அதாவது அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் ஞீலே, தம்பி. ரங்கூன் துவுன்னா மைதானத்தில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் நாங்கள். "ஞீலே, இந்தத் தடவை டிவி வேண்டாம், நேரிலேயே போவோம்" என்றார். சரி என்றேன். மூன்று பருவத்துத் தரகுப் பணம் கையில் இருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு அவருக்குப் பத்து நாள், எனக்கு ஏழு வாரம். என் பாட்டனார் எந்த ஆண்டு, எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார் என்று கேட்டார்கள். அப்பாவின் பழைய தகரப்பெட்டியைக் கவிழ்த்துக் கரையான் அரித்த காகிதங்களையெல்லாம் தேடி எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் ஆக்கோ கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போது சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும். 2016 டிசம்பரில்தான் எங்களுக்கு அது நீங்கியது.

ஜாலான் புசார் மைதானம் உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். சின்ன மைதானம், செயற்கைப் புல். பந்து காலில் படும் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்கும். ஜூன் 2ஆம் தேதி முதல் ஆட்டம் இந்தோனேசியாவோடு. வாசலில் சீட்டைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்த தமிழ்ப்பையன் என் முகத்தைப் பார்த்ததும், "அண்ணே, நம்ம ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினான். அன்பாகத்தான் சொன்னான். "நான் ரங்கூன், தம்பி. என் ஆளுங்க இந்தப் பக்கம்தான்" என்றேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பர்மாவில் தமிழ் பேசுவாங்களா?" என்று கேட்டான். பின்னால் வரிசை நெருக்கியது, பதில் சொல்ல நேரமில்லை. தம்பி இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். பேசுகிறோம். ரங்கூனில், மௌல்மேனில், தட்டோனில், பெகுவில் பேசுகிறோம். தீ மிதிக்கிறோம், பொங்கல் வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாத குறைக்குக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து அ, ஆ சொல்லிக்கொடுக்கிறோம்.

உள்ளே எங்கள் பக்கம் முழுக்கக் கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பர்மியப் பையன்கள். நான் படியேறும்போது இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஊரில் கோபம் வந்தால் எங்களைக் 'கலா', அதாவது வெளியாள் என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறவர்கள் உண்டு, பஸ்ஸிலும் சந்தையிலும் அறுபது வருஷமாகக் கேட்ட சொல். அதற்குள் தேசியகீதம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் நாட்டில் 'கபா மா ச்சே' பாடி முடித்ததும் தலையைத் தாழ்த்தி வணங்கவேண்டும், ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிடுவார்கள். பாட்டு முடிந்தது, நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது அந்த இருவரில் ஒருவன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உட்காருங்க மாமா" என்று பர்மியமொழியில் சொல்லி இடம் விட்டான். 4-2 என்று ஜெயித்தோம். பிறகு சிங்கப்பூரையும் 2-1 என்று வென்றோம். அந்த ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அதே வாசல் பையன் எனக்குக் கை கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெனின்சுலா பிளாசாவுக்குப் போனோம். சிங்கப்பூரில் ரங்கூனைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும். மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கிடைக்கும், லப்பெத்து என்கிற ஊறவைத்த தேயிலை கிடைக்கும், படிக்கட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறவர்கள் இருப்பார்கள். வீட்டுவேலை செய்யும் பெண் ஒருத்தி, சின் மலைப்பக்கத்துப் பிள்ளை, அரையிறுதிக்குப் போக முதலாளியம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று சொல்லும்போது அழுதேவிட்டாள். வெளிநாட்டுக்குப் போய் ஆட்டம் பார்ப்பது காசைக் கரியாக்குவது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கோலை டிவியில் இதைவிட நன்றாகவே பார்க்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பெயரைச் சொல்லிக் கத்துவது அங்கே போனவனுக்குத்தான் கிடைக்கும்.

ஜூன் 13, சனிக்கிழமை, காலாங் தேசிய விளையாட்டரங்கில் வியட்நாமோடு அரையிறுதி. காலையில் ஆக்கோ என்னைப் பாலஸ்டியர் பக்கம் உள்ள பர்மியப் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைப் பளிங்குப் புத்தருக்கு முன்னால் நான் விழுந்து கும்பிட்டேன். அப்புறம் நான் அவரைக் காளியம்மனிடம் கூட்டிப்போனேன். குருக்கள் எனக்குத் திருநீறு கொடுத்துவிட்டு, ஆக்கோ நீட்டிய கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். 2-1 என்று ஜெயித்தோம். உங்கள் படம் அன்று எடுத்ததுதான், திருநீற்றை வைத்துச் சொல்கிறேன்.

15ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் தாய்லாந்திடம் 3-0. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. நல்ல அணியிடம் தோற்றோம்.

ஆசிரியர் அவர்களே, கே. ராஜகோபால் பயிற்சி கொடுத்த மலேசிய அணி 2009ல் இதே போட்டியில் தங்கம் வென்றது. வி. சுந்தரமூர்த்தி சிங்கப்பூருக்காக ஆடினார். அவர்களுக்காகக் கத்திய தமிழரை மலேசிய ரசிகர், சிங்கப்பூர் ரசிகர் என்றுதானே எழுதுவீர்கள்? பர்மாத் தமிழனுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? நாங்கள் எண்ணிக்கையில் குறைவு, எங்களைப் பற்றிச் செய்தியும் வெளியே வருவதில்லை, அதனால் நேர்ந்த தவறு என்று எனக்குப் புரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் ஊரில் எங்களை வெளியாள் என்கிறவர்கள் இருக்கும்போது, தமிழ்ப் பத்திரிகையும் அதையே அச்சடித்தால் வலிக்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. படத்தில் என் இடது தோளில் ஒரு கை தெரிகிறது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதற்கு அந்தப் பக்கம் படத்தை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். அது ஆக்கோவின் கை. 2021 ஜூலையில் கொரோனா ரங்கூனைப் புரட்டிப்போட்டபோது, ஆக்சிஜன் சிலிண்டருக்காக அவர் மகனும் நானும் விடியவிடிய வரிசையில் நின்றோம். சிலிண்டரோடு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. சிங்கப்பூரில் நாங்கள் எடுத்த படங்களெல்லாம் அவருடைய போனில்தான் இருந்தன. அந்தப் போன் அப்போதே பழுதாகிப்போயிற்று. நீங்கள் போட்ட படத்தை அவர் மனைவியிடம் காட்டினேன். அந்தக் கையை விரலால் தொட்டுவிட்டு, "மீதி எங்கே?" என்று கேட்டார்.

வெட்டாத முழுப்படம் உங்களிடம் இருந்தால் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், என்ன செலவானாலும் தருகிறேன். திருத்தம் போடும்போது, ரங்கூனிலிருந்து வந்த இரண்டு ரசிகர்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ரங்கூன்