செருப்பு ஸ்டாண்டும் ஒரு நூல் கணக்கும்

வின்னிபெக், கனடா,
ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே இன்று காலை மைனஸ் 28. ஹீட்டர் ராத்திரி பகலாக ஓடுகிறது. உதடு வெடிக்கிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது. வீட்டுக்குள் காற்று அவ்வளவு காய்ந்து கிடக்கிறது. அந்த வறட்சி மரத்தை என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செப்டம்பரில் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தேன் என்று போனில் சொன்னேன் இல்லையா? இந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்கள். அதில் ஒட்டிய பனி உருகி, ரோட்டில் தூவிய உப்பும் மணலுமாகத் தரையில் ஓடும். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை. கடையில் மலிவாகக் கிடைப்பது மரத்தூளை அமுக்கிய பலகை, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். அதனால் பைன் மரம் வாங்கினேன்.

பன்னிரண்டு அங்குலப் பலகை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. டேப் வைத்தால் பதினொன்றேகால்தான், கனமும் முக்கால் அங்குலம். காயவைத்து இழைத்த பிறகு நிற்கும் அளவு அது, பெயர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. அதில் இரண்டடி உயரத்துக்கு இரண்டு பக்கப் பலகை வெட்டினேன். இரண்டு தட்டு, தட்டுக்கு ஆறு ரீப்பர், ஒவ்வொன்றும் முப்பது அங்குலம். தண்ணீர் வடியட்டும் என்று நடுவே சுண்டுவிரல் தடிமனுக்கு இடைவெளி விட்டேன்.

இந்த ஊர் ஸ்க்ரூவை நீங்கள் ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தலையில் சதுரக் குழி. திருப்புளி முனையில் மாட்டினால் விழாமல் நிற்கிறது, ஒரு கை சும்மா இருக்கும். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909இல் காப்புரிமை வாங்கியது. மூலைமட்டம் வைத்து, முதலில் துளை போட்டு, அப்புறம்தான் முடுக்கினேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த எதையும் விடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் ராத்திரி வாசல் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் இடது பக்கப் பலகையில் அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. நகம் நுழைகிறது. வெட்டிய மீதித் துண்டை அளந்தேன், அகலம் பதினொன்றேகாலில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்திருக்கிறது. நீளம் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. ரீப்பரைத் தாங்கக் கொடுத்த கட்டையை, பலகையின் அகலத்துக்குக் குறுக்கே, கோந்து தடவி இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். பலகை சுருங்கப் பார்த்தது, கட்டை விடவில்லை, வெடித்துவிட்டது. ரீப்பருக்கு நடுவே இடம் இருந்ததால் அவை தப்பின.

பட்டறையில் கதவு செய்யும்போது, சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் பலகையை வஜ்ரப் பசை போடாமல் சும்மா நிறுத்துவீர்கள். பன்னிரண்டு வயதில் ஏன் என்று கேட்டேன். "மரம் மூச்சு விடணும்டா" என்றீர்கள். இத்தனை வருஷமும் அதை ஒரு பேச்சு என்றே வைத்திருந்தேன். அம்பாசமுத்திரத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே மரம் அசைவதை நான் கண்ணால் கண்டதில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு கட்டையையும் உளியால் பெயர்த்தேன். புதிதாக வெட்டி, நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இறுக்கினேன். முனைகளில் இரண்டிரண்டு துளை ஒட்டி ஒட்டிப் போட்டு, இடையை உளியால் எடுத்து நீள்குழியாக்கி, ஸ்க்ரூ நகர இடம் விட்டேன். கோந்து தொடவில்லை. இப்போது உங்கள் மருமகளின் பூட்ஸும் என்னுடையதும் கீழ்த்தட்டில் சொட்டிக்கொண்டிருக்கின்றன, ரீப்பருக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. அந்த வெடிப்பைக் கோந்தும் மரத்தூளும் குழைத்து அடைக்கலாமா? கோடையில் பலகை மறுபடி விரியும்போது, அடைத்த இடமே ஆப்பு மாதிரி நின்று இன்னும் பிளந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அடைக்காமல் விட்டால் மேலே ஓடிவிடுமோ என்றும் இருக்கிறது. ஞாயிறு போன் செய்யும்போது சொல்லுங்கள், அதுவரை கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகன்